சாரல் காலத்து ரயில் கடைகள்

பொம்மை ரயில்களின் வரலாற்றை எழுத லிவர்பூலில் பிறந்தவருக்குச் சிரமமில்லை. அவருக்குத் தேதிகள் வரிசையாகக் கிடைக்கும். ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் துளையிட்ட தகரப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு 1901-ல் ஒரு காப்புரிமை பெற்றார்; பின்னர் உலகமெங்கும் 'மெக்கானோ' என்று அறியப்பட்டது அதுதான். 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில் வந்தது. 1938-ல் மேசை மேல் அடங்கும் 'ஹார்ன்பி டப்ளோ' வந்தது. 1979-ல் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை மூடப்பட்டது. பிறப்புக்கும் இறப்புக்கும் சான்றிதழ் உள்ள வரலாறு அது.

தென்காசியையும் குற்றாலத்தையும் பற்றி அப்படியொரு கணக்கு எழுத உட்காருபவரின் பேனா முதல் வரியிலேயே நின்றுவிடும். ரயில் மாதிரிகளுக்கென்று கண்ணாடி அலமாரி வைத்துப் பெயர்ப்பலகை மாட்டிய கடை இந்த ஊர்க்காரர் நினைவில் இல்லை. ஆனால் ரயில் பொம்மை வாங்காத பிள்ளைகளும் இங்கே குறைவு. அப்படியானால் அவற்றை விற்றவர்கள் யார்? அந்தக் கடைகள் எங்கே போயின?

விடை எளியது. இங்கே கடை என்பது ஒரு பருவம். மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, ஆனியில் சாரல் தொடங்கி, பேரருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தவுடன் குற்றாலத்தில் மூங்கிலும் கீற்றும் தார்ப்பாயும் கொண்டு ஒரு கடைத்தெரு முளைக்கும். ஆவணி முடிந்து கூட்டம் வடிந்ததும் அது பிரிக்கப்பட்டுவிடும். ஆண்டுதோறும் பிறந்து ஆண்டுதோறும் மூடப்பட்ட கடைகள் அவை. ஏதோ ஓர் ஆண்டில் சில கடைகள் திரும்ப வரவில்லை. வராமல் போனதை யாரும் குறித்து வைக்கவில்லை. பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு மூடிய தேதியும் இல்லை.

*

சீசன் கடைகளில் அந்நாளில் விற்ற விளையாட்டுப் பொருட்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மரச் சொப்பு. தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களின் கைவேலை. உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், திருகை, குடம், அடுப்பு என ஒரு வீட்டின் அடுக்களை முழுவதும் உள்ளங்கை அளவில் ஓலைப்பெட்டிக்குள் அடங்கியிருக்கும். கூடவே பையன்களுக்கென்று நடைவண்டி, பம்பரம், சக்கரம் வைத்த ரயில். இவற்றைச் செய்யும் முறை அழகானது. கடைசல் பட்டறையில் மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுத்தபின், நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். சுழற்சியின் உராய்வில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்க்க மினுமினுப்பு ஏறும். தூரிகை கிடையாது, அடுப்பும் கிடையாது. குழந்தை வாயில் வைத்தாலும் அஞ்ச வேண்டாத சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அப்படித்தான் வந்தன.

இந்த ரயிலைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். எஞ்சினின் கொதிகலன் ஓர் உருளை, புகைபோக்கி ஒரு சிறிய உருளை, சக்கரங்கள் உருளையின் வில்லைகள். நீராவி எஞ்சினின் வடிவமும் கடைசல் பட்டறையின் இயல்பும் ஒன்றுக்கொன்று பிறந்தவை போலப் பொருந்தின. டீசல் எஞ்சின் வந்தபோது கடைசல்காரருக்கு அந்த வசதி போயிற்று. பெட்டி வடிவ எஞ்சினைக் கடைசலில் எடுக்க முடியாது. அசல் ரயில்களில் நீராவி நின்ற பின்னும் பொம்மை ரயில்களில் புகைபோக்கி நீடித்ததற்குப் பழைய ரயிலின்மீதான ஏக்கத்தைக் காட்டிலும் பட்டறையின் இந்தக் கணக்கே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, தகரப் பொம்மைகள். சாவி கொடுக்கும் ரயில் ஒன்று, வட்டமான தகரத் தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி வந்து, சுருள்வில் தளர்ந்ததும் பெருமூச்சு விட்டு நிற்கும். அதைவிட மலிவானது தகரப் படகு. உள்ளே சிறு தகரக் கலம், அதிலிருந்து பின்பக்கமாக இரண்டு குழாய்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, கலத்துக்குக் கீழே எண்ணெய்த் திரியைக் கொளுத்தி வைத்தால், நீர் கொதித்து ஆவியாகிக் குழாயிலுள்ள தண்ணீரைப் பின்னால் உந்தும். ஆவி குளிர்ந்து சுருங்க மறுபடி தண்ணீர் உள்ளே ஏறும். 'டப டப' என்று ஓசையெழுப்பியபடி படகு அண்டாவைச் சுற்றி வரும். தாமஸ் பியோ என்பவர் 1891-ல் இங்கிலாந்தில் காப்புரிமை கோரிய அமைப்பு இது. எங்கள் ஊர்த் தேரோட்டக் கடைகளில் அதை விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நீராவி என்ன செய்யும் என்பதை எத்தனையோ பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு முன்பே அந்த அண்டாவில்தான் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது வகைக்குக் கடையே தேவையில்லை. காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுக்கும் ரயில் அது. கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டிகள் மெல்லிய மரச் சீவலால் ஆன காலத்தில் அவற்றுக்குச் சரக்குப் பெட்டியின் உறுதி இருந்தது. மேலே ஒட்டிய படங்களைப் பிரித்துச் சேகரிப்பது இன்னொரு பொழுதுபோக்கு. அஞ்சல்தலை சேகரிக்கக் காசில்லாத பிள்ளைகளுக்குப் பெட்டிக்கடைக்காரர்தான் பொழுதுபோக்குப் பொருள் வியாபாரி.

*

இவையெல்லாம் எதைப் பார்த்துச் செய்யப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஹார்ன்பியின் ரயில்கள் இங்கிலாந்தின் ரயில்களைப் பார்த்தவை. நம் பிள்ளைகள் பார்த்தது மீட்டர் கேஜ் வண்டியை.

திருநெல்வேலியிலிருந்து வந்த இருப்புப்பாதை 1903-ல் தென்காசியைத் தொட்டது. திருவிதாங்கூர் அரசும் மதராஸ் அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து அமைத்த மலைப்பாதை வழியாக 1904-ல் செங்கோட்டையும் புனலூரும் கொல்லமும் இணைந்தன. 1927-ல் விருதுநகரிலிருந்து ராஜபாளையம் வழியாக இன்னொரு பாதை தென்காசிக்கு வந்து சேர்ந்தது. செங்கோட்டைக்கு மேற்கே வண்டி குகைகளுக்குள் நுழைந்து வெளிவரும். கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வளையும். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சினும் உண்டு. இரண்டு எஞ்சின்களும் ஒன்றையொன்று கூவி அழைத்துக்கொண்டு மலையேறுவதைக் கேட்ட பிள்ளை, வீட்டுக்கு வந்து தன் தீப்பெட்டி ரயிலின் இரு முனையிலும் எஞ்சின் வைக்கும்.

இங்கே ஒரு சிறிய கணக்கு. மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். 1:87 என்ற அளவில் சுருக்கினால் அது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆகிறது. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளுக்காக அந்த அளவில் அருமையான மாதிரிகளை ஐரோப்பாவில் செய்து விற்கிறார்கள். நம் செங்கோட்டை வண்டியும் அதே அகலத்தில்தான் மலையேறியது. ஆனால் இங்கே பார்த்த வண்டியைச் சிறிதாக்கி வைத்துக்கொள்ள விரும்பியவருக்கு அட்டையும் தகரமும் மரமும் தவிர வேறு வழியில்லை. 1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்கள் சாதாரணக் கடைகளுக்கு எட்டாப் பொருளாயின. அந்தச் சுவருக்குள்தான் அம்பாசமுத்திரத்துச் சொப்பும் தகரப் படகும் தழைத்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

சற்று வசதியுள்ள வீடுகளுக்கு இன்னொரு வாசல் இருந்தது: சென்னை மூர் மார்க்கெட். எழும்பூரிலிருந்து கொல்லம் மெயிலில் ஊர் திரும்பும் மாமாவோ பெரியப்பாவோ பழைய புத்தகங்களோடு அங்கே வாங்கிய பொம்மை ஒன்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். அந்தச் சந்தை 1985 மே 30 அன்று தீயில் அழிந்தது. அது நின்ற இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. பொம்மை ரயில் விற்ற இடத்தை நிஜ ரயில் எடுத்துக்கொண்டது; பழைய கட்டடத்தின் நினைவாக அதன் சிறு மாதிரி ஒன்று நிலைய வளாகத்தில் வைக்கப்பட்டது. கடைகள் போய், கடையின் பொம்மை மிஞ்சியது.

*

குற்றாலத்துக் கடைத்தெருவுக்கு நேர்ந்தது ஒரே நாளில் நடந்த விபத்தன்று. ஒரு சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

முதலில் மரம். சொப்புக்கு உகந்தது மஞ்சக்கடம்பு. உளிக்கு இணங்குவது, அரக்கை நன்கு ஏற்பது. களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-ல் புலிகள் காப்பகமாயின. காடு காக்கப்பட்டது நல்லதே. தாமிரபரணியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் காட்டு மரத்தை நம்பியிருந்த பட்டறைகள் ரப்பர் மரத்துக்கும் கிடைத்த மரத்துக்கும் மாற வேண்டியிருந்தது.

அடுத்தது சந்தை. 2001 ஏப்ரல் முதல் தேதி, எஞ்சியிருந்த 715 பண்டங்களின்மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. சில சீசன்களுக்குள் குற்றாலத்தின் பந்தல்களில் மின்கல ரயில்கள் ஊளையிட்டுக்கொண்டு ஓடின. விலை குறைவு, வண்ணம் அதிகம், ஆயுள் ஒரு வாரம். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஹார்ன்பி நிறுவனமே 1990களில் தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றிக்கொண்டது. லிவர்பூலுக்குத் தேதி இருந்தது, குற்றாலத்துக்கு இல்லை என்பதைத் தவிர, இருவரையும் கடந்துபோன அலை ஒன்றுதான்.

மூன்றாவதாக, பார்த்துச் செய்ய வேண்டிய அசலே மாறியது. விருதுநகர் பாதை 2004-ல் அகலப்பாதையாயிற்று. 2010 செப்டம்பரில் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடியது. திருநெல்வேலிப் பாதை 2012-ல் அகலமாகித் திறக்கப்பட்டது; மலைப்பாதை 2018-ல் முழுமையாகத் திறந்தது. பதின்மூன்று கண் பாலம் இன்றும் நிற்கிறது. அதன்மேல் இப்போது 1,676 மில்லிமீட்டர் பாதை. கொல்லம் துறைமுகத்தை எட்டும் ஆசையில் போட்ட பழைய பாதையைவிடப் புதியது பயனுள்ளது, சந்தேகமில்லை. ஆனால் பழைய வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து தன் கை அளவில் அதைக் கற்பனை செய்த பிள்ளைகளின் வரிசை அந்தச் செப்டம்பரோடு முடிந்தது.

பந்தல்களுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. 2023 ஆகஸ்டில் பேரருவிப் பகுதியில் மூண்ட தீயில் தற்காலிகக் கடைகள் பல எரிந்தன. மூங்கிலும் தார்ப்பாயும் மறுபடி கட்டிக்கொள்ளக் கூடியவை. அவற்றுள் இருந்த சரக்கு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

*

இப்போது நிலைமை எப்படி? 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருட்களுக்குத் தரச்சான்று கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 2025-ல் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. நூறாண்டுகளாகப் பெயரின்றி விற்ற பொருளுக்கு முதன்முறையாக அரசாங்கப் பதிவேட்டில் ஒரு பெயர்.

ஆனால் குறியீடு பொருளுக்குத்தான் கிடைக்கும், கடைக்குக் கிடைக்காது. சாரலில் நனைந்த ஓலைப்பெட்டியின் மணம், விலை கேட்டுவிட்டு நகர்பவரைத் திரும்ப அழைக்கும் வியாபாரியின் குரல், அண்டாவைச் சுற்றி நிற்கும் ஈரத்தலைப் பிள்ளைகள் இவற்றுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. குற்றாலத்தைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டதில் அருவிக்கும் மலைக்கும் குரங்குக்கும் குறைவில்லை. ரசிகமணி டி.கே.சி. வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிய நாட்கள் பலமுறை சொல்லப்பட்டுவிட்டன. அதே சாலையில் பந்தல் போட்டு நின்றவர்களைப் பற்றி எழுதியது மிகச் சொற்பம்.

வரலாறு எழுதத் தேதி வேண்டும் என்றால் அவர்களுக்கு ரயிலின் தேதிகளையே கடன் வாங்கிக்கொள்ளலாம்: 1903-ல் தொடங்கி 2010-ல் முடிந்த ஒரு கடைத்தெரு என்று. கறாரான வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறையில் அமர்ந்திருந்த கைகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. பந்தல்காரர்களின் பிள்ளைகள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். எந்த மரம் எங்கிருந்து வந்தது, ஒரு சீசனுக்கு எத்தனை ஓலைப்பெட்டி போயிற்று, எந்த ஆண்டு ரயில் பொம்மை கேட்பாரற்றுப் போயிற்று என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் சரியான தேதிகள் கிடைக்கும். அதற்கு இன்னும் பத்துச் சீசன் காத்திருக்க முடியாது.