கான்பூரின் துளை அட்டைகள்: ஒரு கணினி மையம் யாருக்காகத் திறந்திருந்தது?

1963 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அது இந்தியாவின் முதல் கணிப்பொறி அன்று. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் எச்.இ.சி.-2எம் என்னும் பிரிட்டானியப் பொறி 1955இலேயே நிறுவப்பட்டுவிட்டது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் 1960 முதல் இயங்கிவந்தது. அதே நிறுவனம் 1964இல் பெற்ற சி.டி.சி. 3600, கான்பூர்ப் பொறியைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் கொண்டது. முதன்மையோ வலிமையோ கான்பூருக்கு உரியவை அல்ல. ஆயினும் இந்தியாவில் கணினிக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அனைவரும் கான்பூரிடம் வந்து நின்றே மேலே செல்கின்றனர். இதன் காரணத்தைப் பொறியின் விவரக்குறிப்பில் தேடினால் கிடைக்காது. அதை யார் தொடலாம் என்று எடுக்கப்பட்ட முடிவில் தேடவேண்டும்.

முதலில் அரசியல் பின்னணி. சுதந்திர இந்தியாவின் தொடக்ககாலத் தொழில்நுட்பக் கழகங்கள் பல வெளிநாட்டு உதவியோடு எழுந்தவை. பம்பாய்க்குச் சோவியத் ஒன்றியம், சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, தில்லிக்குப் பிரிட்டன், கான்பூருக்கு அமெரிக்கா எனப் பனிப்போர்க் காலத்தின் வல்லரசுகள் ஒவ்வொன்றும் ஒரு வளாகத்தில் தம் முத்திரையைப் பதித்தன. அந்தந்த வளாகத்தின் கணிப்பொறியும் அதே வழியில் வந்தது. பம்பாய் 1967இல் சோவியத்தின் மின்ஸ்க்-2 பொறியைப் பெற்றது. சென்னைக்கு 1973இல் ஜெர்மன் உதவியில் ஐ.பி.எம். 370/155 வந்தது. கான்பூருக்கான உதவி, எம்.ஐ.டி., பெர்க்லி, பிரின்ஸ்டன், பர்டூ உள்ளிட்ட ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு வழியாக 1962 முதல் 1972 வரை நீடித்தது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த அக்காலத்தில், கற்பிப்பதற்கென்றே ஒரு கணிப்பொறியை இறக்குமதி செய்ய ஓர் இந்தியக் கல்லூரியால் தன் முயற்சியில் முடிந்திருக்காது.

வந்த பொறி எளிமையானது. 1620, இரும எண்களைக் கொண்டன்றிப் பதின்ம இலக்கங்களைக் கொண்டே கணக்கிட்டது. அதன் அடிப்படை நினைவகம் 20,000 இலக்கங்கள். கூடுதல் அலகுகளைச் சேர்த்தால் 60,000 வரை விரியும். ஓர் எழுத்துக்குறியைச் சேமிக்க இரண்டு இலக்கங்கள் தேவை. எனவே அடிப்படை நினைவகம் முழுவதிலும் 10,000 எழுத்துக்குறிகளே அடங்கும். கூட்டலுக்கெனத் தனிச் சுற்றமைப்பு அதில் இல்லை. தொடக்கப்பள்ளி மாணவனைப் போல, நினைவகத்தில் எழுதிவைத்த வாய்பாட்டைப் பார்த்தே அது எண்களைக் கூட்டியது. அட்டைகளைக் கொண்டு ஃபோர்ட்ரான் நிரலை இயக்கும் வழக்கமான முறையில் மொழிமாற்றியே ஓர் அட்டைக்கட்டாக முதலில் உள்ளே செல்லும், பிறகு பயனரின் நிரல் செல்லும். பொறி துளையிட்டுத் தரும் இடைநிலை அட்டைகளை எடுத்து மீண்டும் உள்ளே செலுத்த வேண்டும். ஓர் அட்டையில் ஒரு துளை பிசகினாலும் அனைத்தையும் மறுபடி தொடங்கவேண்டியதுதான்.

இந்த உழைப்பே கல்வியாயிற்று. பொறியோடு மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் கான்பூருக்கு வந்தனர்: ஹாரி ஹஸ்கி, ஃபோர்மன் ஆக்டன், இர்விங் ரபினோவிட்ஸ். இவர்களுள் ஹஸ்கி, எனியாக் திட்டத்தில் பணியாற்றியவர். 1947இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஆலன் டூரிங்கின் கணிப்பொறித் திட்டத்தில் பங்கேற்றவர். இந்தியத் தரப்பில் மின்பொறியியல் துறைத் தலைவர் எச்.கே. கேசவனும், ஈரோட்டில் பிறந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த இளம் ஆசிரியர் வி. ராஜாராமனும் இருந்தனர். ராஜாராமன் அதற்கு முன்பே, 1950களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஓர் ஒப்புமைக் கணிப்பொறியைக் கட்டும் பணியில் ஈடுபட்டவர்.

அன்றைய வழக்கப்படி கணிப்பொறி அறை பூட்டிய கருவறை. ஆய்வாளர் வெளியில் நின்று அட்டைக்கட்டைக் கொடுப்பார். இயக்குநர் உள்ளே எடுத்துச் செல்வார். அச்சிட்ட தாள் திரும்பி வரும். கான்பூர் 1620இன் கதவைத் திறந்து வைத்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் தாமே பொறியின் முன் அமர்ந்து நிரலை இயக்கலாம், பிழையைத் தேடலாம், திருத்தி மீண்டும் இயக்கலாம். பொறியியல் மாணவர்களுக்கு நிரலாக்கம் பாடமாயிற்று. அதோடு நில்லாமல், நாட்டின் பிற கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் பணிபுரிந்தோரை அழைத்து நிரலாக்கத்திலும் எண்முறைக் கணிதத்திலும் குறுகியகாலத் தீவிர வகுப்புகளை மையம் தொடர்ந்து நடத்தியது. கற்றுத் திரும்பியவர்கள் தத்தம் ஊரில் கற்பித்தனர். வகுப்புக் குறிப்புகளாகத் தொடங்கிய ராஜாராமனின் நிரலாக்க நூல் 1960களின் இறுதியில் மாணவர் கைக்கெட்டும் விலையில் அச்சாகி, கணிப்பொறியையே கண்டிராத கல்லூரிகளையும் சென்றடைந்தது.

இந்தத் திறப்புக்கு எதிரான வாதம் அற்பமானதன்று. விலையுயர்ந்த பொறியின் ஒவ்வொரு நிமிடமும் கணக்கிடப்படுவது. முதலாண்டு மாணவன் காற்புள்ளியை மறந்து வீணாக்கும் நேரம், ஓர் இயற்பியலாளரின் கணக்கீட்டிலிருந்து பறிக்கப்படும் நேரம் என்று ஒருவர் கூறினால் அதில் உண்மை உண்டு. கான்பூரும் அந்த நெருக்கடிக்குத் தப்பவில்லை. 1966இல் ஐ.பி.எம். 7044 நிறுவப்பட்டது. 1401 என்னும் சிறுபொறி அட்டைகளைக் காந்த நாடாவுக்கு மாற்றும். பெரும்பொறி அந்த நாடாவிலிருந்து பணிகளைத் தொகுதி தொகுதியாக முடிக்கும். ஆற்றல் பெருகியபோது பொறிக்கும் பயனருக்கும் இடையில் ஒரு வரிசை வந்து நின்றது. காத்திருத்தல் என்பது பல்கலைக்கழகக் கணினி மையத்தின் நிரந்தர அனுபவமாயிற்று. எனினும் அந்த வரிசையில் மாணவனுக்கும் இடம் இருந்தது என்பதே முக்கியமானது.

1971இல் கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் தரும் தனிக் கல்வித்திட்டம் அங்கே உருவாயிற்று. இளநிலைப் பட்ட மாணவர்களின் முதல் அணி 1983இல் வெளியேறியது. இடையில் 1978இல் ஐ.பி.எம். இந்தியாவிலிருந்து விலகியது, கான்பூர் 1979இல் டெக்-1090 பொறிக்கு மாறியது. பல முனையங்களிலிருந்து பலர் ஒரே வேளையில் பணியாற்றக்கூடிய பொறி அது. அட்டைக்கட்டின் காலம் முடிந்து, பயனர் மீண்டும் பொறியோடு நேரடியாக உரையாடத் தொடங்கினார்.

கணிப்பொறியை வாங்கியபோது எவரும் திட்டமிட்டிராத விளைவு ஒன்றும் உண்டு. ஆர்.எம்.கே. சின்ஹா தேவநாகரி எழுத்துகளைப் பொறியே இனங்காணும் முறையைப் பற்றிய தம் முனைவர் பட்ட ஆய்வை 1973இல் கான்பூரில் முடித்தார். 1980களின் தொடக்கத்தில் தேவநாகரியில் இயங்கும் முனையம் அங்கே உருவாயிற்று. அந்தப் பணி பின்னர் சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் தொழில்நுட்பமாக வளர்ந்து, இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே குறியேற்ற வரிசையை வகுத்த இஸ்கி தரத்தோடு பின்னிப் பிணைந்தது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி வரிசையைப் பின்பற்றி அமைந்தது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையில் மூன்று இடங்கள் அங்கே காலியாக இருப்பது அதனால்தான். வடமொழி வருக்க எழுத்துகளுக்கான இடங்கள் அவை. இந்தப் பொது வரிசை தமிழுக்குப் பொருந்துமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதே கான்பூரில்தான் வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் முதலியோர் பாணினியின் காரகக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளைக் கணினிவழி ஆராயும் முறையை வளர்த்தனர். அனுசாரகா மொழிபெயர்ப்புத் திட்டம் அங்கே தொடங்கியது. அமெரிக்க உதவியில் பொறியியல் கல்விக்காக வாங்கிய பொறி, இருபது ஆண்டுகளுக்குள் இலக்கணத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வழிவிட்டிருந்தது. மொழியை ஆராயவே ஒரு கணினி வேண்டும் என்று 1963இல் எவரேனும் விண்ணப்பித்திருந்தால், அது ஏற்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இன்று காட்சி மாறியிருக்கிறது. 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற தேசிய மீக்கணினித் திட்டம், கல்வி நிறுவனங்களில் பரம் வரிசைப் பொறிகளை நிறுவிவருகிறது. 2019இல் வாரணாசியில் பரம் சிவாய், பின்னர் கான்பூரில் 1.66 பெட்டாஃப்ளாப் ஆற்றலுடைய பரம் சங்கணக், 2022இல் பெங்களூருவில் 3.3 பெட்டாஃப்ளாப் பரம் பிரவேகா. ஆய்வாளர் தம் மடிக்கணினியிலிருந்து ஒரு சிறு பணிக்கோப்பை அனுப்புகிறார். எத்தனை கணுக்கள், எத்தனை மணிநேரம் என்பதை அதில் குறிக்கிறார். அட்டவணைப்படுத்தும் மென்பொருள் அதை வரிசையில் நிறுத்துகிறது. துளை அட்டை போயிற்று, வரிசை போகவில்லை.

இத்திட்டங்களின் செய்திகளில் முதலில் வருவது பெட்டாஃப்ளாப் எண்ணிக்கை. அவ்வெண் பொறியின் உச்ச வேகத்தைச் சொல்லும். அந்த வளாகத்தில் எத்தனை மாணவர்களுக்குக் கணக்கு உண்டு, எத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, பொறி இல்லாத பக்கத்துக் கல்லூரியின் ஆய்வாளருக்கு அதில் பங்கு உண்டா, மொழியியல், வரலாறு, தொல்லியல் மாணவர் விண்ணப்பித்தால் அவர் எந்தப் படிவத்தை நிரப்புவார் என்பவற்றை அது சொல்லாது. தேவையான கணக்கீட்டு நேரத்தை முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்லும் திறன் ஏற்கெனவே பழகியவருக்கே உண்டு. புதிதாக வருபவர் முதலில் வீணாக்கித்தான் கற்கிறார். வீணாக்க இடம் தராத மையம், தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும் மையமாகச் சுருங்கிவிடும்.

1620 பொறி எப்போதோ பழம்பொருளாகிவிட்டது. அதனிடம் நிரலாக்கம் பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களுமே இந்நாட்டின் கணினித் துறைகள் பலவற்றை நிறுவினர். ஒரு கணினி மையத்தின் ஆண்டறிக்கையில் பொறியின் வேகத்துக்குப் பக்கத்தில், அவ்வாண்டு முதன்முறையாக அதைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். கான்பூரின் வரலாறு நிறுவும் அளவுகோல் அதுவே.