காலிக் கோட்டையில் ஒரு நடை

காலிக் கோட்டையைப் பார்க்க வாகனம் வேண்டியதில்லை. மதிலின் மேல் ஆறுதலாக ஒரு சுற்று வர ஒன்றரை மணித்தியாலம் போதும். உள்ளே உள்ள வீதிகள் அனைத்தையும் ஒரு பகற்பொழுதில் நடந்து முடித்துவிடலாம். ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்து படித்த நாங்கள் மூவர் ஒரு பாடசாலை விடுமுறையில் அவ்வாறுதான் அதைப் பார்த்தோம். ஒருவர் திக்குவல்லைக்காரர், காலி அவருக்கு அடுத்த வீடு மாதிரி. மற்றவர் மன்னார். நான் கிழக்கிலங்கைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். மூவருமே வரலாறு கற்பிப்பவர்கள். ஆதலால் எங்கள் நடை அடிக்கடி நின்று நின்றே போயிற்று.

முதலில் நின்ற இடம் துறைமுகப் பக்கமாக உள்ள பழைய வாயில். அதன் வெளிமுகத்தில் பிரித்தானிய முடியின் இலச்சினை இருக்கிறது. வாயிலைத் தாண்டி உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால் 1669ஆம் ஆண்டைத் தாங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினை. இரு சிங்கங்கள் தாங்கி நிற்கும் அச்சின்னத்தின் உச்சியில் ஒரு சேவல். ஐரோப்பியர் கட்டிய கோட்டையின் தலைவாசலில் சேவலுக்கு என்ன வேலை? போர்த்துக்கேய மொழியில் சேவலைக் 'காலோ' என்பர். ஊர்ப் பெயரின் ஒலியோடு அது ஒத்துப்போனதால் சேவல் இந்நகரின் சின்னமாயிற்று என்பது வழமையாகக் கூறப்படும் விளக்கம். சேவலிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது என்று சொல்வோரும் உளர். ஆனால் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையைக் கண்டது 1505இல். அதற்கு 161 ஆண்டுகள் முன்னர், 1344இல், இப்னு பதூதா இவ்வூருக்கு வந்து 'காலி' என்றே தமது பயண நூலில் பதிந்துள்ளார். சேவல் வந்து கூவுமுன்பே ஊர் விழித்திருந்தது என்று திக்குவல்லை நண்பர் சொல்ல, நாங்கள் சிரித்துக்கொண்டே மதிலேறினோம்.

இப்னு பதூதாவின் குறிப்பு மிகச் சிறியது. காலி ஒரு சிறிய ஊர் என்றும், அங்கே கப்பற்றலைவர் இப்றாஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் தமது இடத்தில் தங்களை உபசரித்தார் என்றும் மட்டுமே எழுதுகிறார். மன்னனைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. இவ்வூர் குறித்து அவர் நினைவில் வைத்திருந்தது விருந்தளித்த ஒரு மனிதரைத்தான். அவ்விரண்டு வரிகளுக்கு நாம் கொடுக்கவேண்டிய கனத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றே எண்ணுகிறேன்.

காலியின் மற்றொரு சான்று கல்லில் உள்ளது. 1911இல் இந்நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த கல்வெட்டை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். சீன மாலுமித் தலைவர் செங் ஹேயின் கப்பற்படையோடு வந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய கல் அது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தெனவரை நாயனாரையும், பெரிதும் சிதைந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. இத்துறைமுகத்தில் எவரோடு பேசவேண்டும் என்பதைச் சீனர் நன்கறிந்திருந்தனர். வந்தவன் தன் மொழியை மட்டும் திணிக்காது, இருந்தவர்களின் மொழிகளையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்த காலம் அது. இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

அதன்பின் வந்தவர்கள் அப்படியில்லை. 1580களின் இறுதியில் போர்த்துக்கேயர் இங்கே அரண் அமைத்தனர். 1626இல் தமது ஆட்சிப்பகுதியிலிருந்து சோனகரை வெளியேற்ற ஆணையிட்டனர். அவ்வாறு துரத்தப்பட்டோரில் சுமார் 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நமது வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. கிழக்கிலிருந்து வந்த எனக்குச் 'சுவார்ட்' கொத்தளத்தின் கருங்கற்களைத் தொட்டபோது அச்செய்தி வேறுவிதமாக உறைத்தது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பகுதி அதுதான்.

1640இல் ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றினர். இன்று நாம் காணும் பதினான்கு கொத்தளங்களைக் கொண்ட கோட்டை பெரும்பாலும் அவர்களது ஆக்கம். தரைப்பக்கக் கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். கடற்பக்கத்தில் நெப்டியூன், ட்ரைடன், ஏயோலஸ் என்று பண்டைய ரோம, கிரேக்கத் தெய்வங்கள். 1755இல் தேவாலயம் கட்டி முடித்த கம்பனிக்காரர்களே பீரங்கி மேடைகளுக்கு இந்தப் பெயர்களையும் வைத்தார்கள் என்பது மன்னார் நண்பருக்குத் தீராத வேடிக்கை. நிலத்தடியில் அவர்கள் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்களைக் கடலின் ஏற்றவற்றமே கழுவிச் சென்றது. சந்திரக் கொத்தளத்தில் 1883இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் ஒரு கதையுண்டு. அது மருத்துவர் அந்தோனிஸின் நினைவாக, அவரிடம் சுகம்பெற்ற முதலியார் ஒருவர் நன்றிக்கடனாகக் கட்டியது. ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்த நாட்டில், நோயாளி தன் மருத்துவருக்கு எழுப்பிய கோபுரம் அபூர்வமே.

அக்கோபுரத்தடியில் நின்றால் வெளியே கிரிக்கெட் மைதானமும் பஸ் நிலையமும் தெரியும். 2010இல் முரளிதரன் தமது 800ஆவது விக்கெட்டை வீழ்த்தியது அம்மைதானத்தில்தான். டெஸ்ட் போட்டி நாட்களில் மதில்மேல் இருந்து சதமும் செலவில்லாமல் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அவ்விரண்டையும் அடித்துச் சென்றது. பஸ் நிலையத்தில் நின்றவர்களில் மாண்டவர் பலர். மதிலுக்குள் இருந்தவர்கள் பெருமளவில் தப்பினர். எங்களைப் பீரங்கியால் மிரட்டக் கட்டிய மதில், மூன்றரை நூற்றாண்டு கழித்து எங்கள் பிள்ளைகளைக் காத்தது. வரலாறு இப்படியும் கணக்கு முடிக்கும் போலும்.

தென்முனையில் 1939இல் கட்டிய வெளிச்சவீடு. அதன் எதிரே 1904இல் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். இரு கோபுரங்களோடு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தேவாலயமாகவே தோன்றும். நெருங்கினால்தான் பிறையும் அரபெழுத்தும் தெரியும். உள்ளே தரைப் பளிங்கு குளிர்ந்திருந்தது. லுஹர் தொழுதுவிட்டு, 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்றாஹிமிய்யா அரபுக் கல்லூரியையும் பார்த்துக்கொண்டு பெட்லர் வீதிக்கு வந்தோம்.

'பெட்லர்' என்றால் சில்லறை வியாபாரி. ஒல்லாந்தர் காலத்தில் இது சோனக வியாபாரிகளின் வீதி என்றே அழைக்கப்பட்டது. ஆங்கிலேயர் மொழிபெயர்த்தபோது வியாபாரி நின்றார், சோனகர் விழுந்துபோனார். பக்கத்து லெய்ன் பான் வீதிக்குக் கயிறு திரிக்கும் களம் என்பது பொருள். கயிற்றையும் காணோம், களத்தையும் காணோம்.

நீராவிக் கப்பல்கள் காலியில் நின்ற காலத்தில் பயணிகளிடம் மாணிக்கக்கல் விற்றுப் பொருளீட்டியவர்கள் நம்மவர்கள். 1880களில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி நிறைவேறியதும் கப்பல்கள் அங்கே சென்றன. பறங்கியரும் படிப்படியாக வெளியேறினர். அவர்களது வீடுகளில் பலவற்றை முஸ்லிம்கள் வாங்கிக் குடியேறினர். இருபதாம் நூற்றாண்டில் கோட்டைக்குள் வாழ்ந்தோரில் பெரும்பகுதியினர் அவர்களே.

வெயிலில் நின்று ஒரு பழைய கதவின் செதுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களை விறாந்தையில் இருந்த பெரியவர் ஒருவர் அழைத்தார். "ஊட்டுக்குள்ள வாங்க மகன், வெயில்ல நிக்கிய என்னத்துக்கு?" யாரென்று கேட்குமுன்பே இஞ்சிப் பிளேன்டீ வந்துவிட்டது. பிறகு வீதியின் இரு வரிசையையும் விரலால் சுட்டி, ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார், என்ன வியாபாரம் செய்தார், எந்தப் பெண்ணை எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொன்னார். "இந்த வரிசையில முந்தி எல்லம் எங்கட ஆக்கள்தான் ஈந்த. இப்ப ஹோட்டல்." அவர் குரலில் கோபமில்லை. வீடு விற்றவர்களின் தேவைகளையும் அவர் அறிந்திருந்தார்: பெண்பிள்ளைகளின் கலியாணம், பங்கு பிரியாத சொத்து, பழுதுபார்க்க இயலாத பழங்கூரை.

1990களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டாரும் கொழும்புச் செல்வந்தரும் இவ்வீடுகளை வாங்கினர். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததால் சுவரையும் ஓட்டையும் கண்டபடி மாற்ற முடியாது. ஆனால் அவ்விறாந்தையிலிருந்து வழிப்போக்கரை அழைக்கும் குரலைப் பாதுகாக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. கட்டணம் வாங்கும் விடுதியும் வரவேற்கும்; இப்றாஹீம் வரவேற்றது போலல்ல. 1344இல் பயணி ஒருவர் எழுதிவைத்ததால் அந்தக் கப்பற்றலைவரின் பெயர் நமக்குக் கிடைத்தது. பெட்லர் வீதிப் பெரியவர் எங்களுக்குச் சொன்ன பெயர்களை எழுதிவைத்தவர் யார்?

பெரும் ஆராய்ச்சி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு கொப்பியும் கோட்டையின் வரைபடமும் போதும். காலி முஸ்லிம் பாடசாலைகளின் உயர்தர மாணவர்கள், வீடு வீடாக, இங்கே யார் வாழ்ந்தார், எப்போது வந்தார், எப்போது போனார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம். அப்பணியில் ஈடுபடும் ஆசிரியர்களுக்கு எங்கள் மூவரின் ஒத்துழைப்பும் உண்டு. திக்குவல்லை நண்பர் தம் பங்குக்குப் பெட்லர் வீதியின் வலப்பக்க வரிசையைத் தொடங்கியிருக்கிறார். இடப்பக்கம் காத்திருக்கிறது.