பதிவேடு யார் கையில்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பெண்டில்டன் நகரை ஒட்டி உமட்டில்லா பழங்குடிகளின் நிலம் இருக்கிறது. கயூஸ், உமட்டில்லா, வல்லா வல்லா என்னும் மூன்று மக்கள் 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்போது தமக்கென வைத்துக்கொண்ட நிலம் அது. பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்யும் தேசியச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அமெரிக்க நீதித்துறை 2009 செப்டம்பரில் முதன்முதலாக இரண்டு அரசுகளை அங்கீகரித்தது. ஒன்று, ஒரு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒஹாயோ மாநிலம். மற்றது, ஏறக்குறைய 3,000 உறுப்பினர்களே உள்ள உமட்டில்லா பழங்குடி அரசு. பெரிய மாநிலங்கள் பலவும் தயங்கி நின்றபோது இந்தச் சின்னஞ்சிறு அரசு முந்திக்கொண்டது ஏன்? குற்றத்தின் மீதுள்ள கோபம் என்று மட்டும் சொன்னால் விடை முழுமையாகாது. தம் மண்ணில் நடக்கும் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் பழங்குடிகளிடமிருந்து நூறாண்டுகளுக்கு மேலாகத் துண்டு துண்டாகப் பறிக்கப்பட்டது. அதில் எஞ்சியதை இழக்காமல் காக்கும் முயற்சியாகத்தான் இந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

பறிப்பின் தொடக்கம் ஒரு கொலை வழக்கு. 1881இல் டகோட்டா பகுதியில் லக்கோட்டா தலைவர் ஸ்பாட்டட் டெயிலை, அதே இனத்தைச் சேர்ந்த குரோ டாக் சுட்டுக் கொன்றார். இரு குடும்பங்களும் தங்கள் முறைப்படி பேசி, 600 டாலர், 8 குதிரைகள், ஒரு கம்பளி என்று ஈடு கொடுத்துப் பகையைத் தீர்த்துக்கொண்டன. ஆனால் அமெரிக்க அதிகாரிகள் குரோ டாக்கைப் பிடித்து டெட்வுட் நகர நீதிமன்றத்தில் நிறுத்த, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பழங்குடியினருக்குள் நடந்த குற்றத்தை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1883இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பைப் பொறுக்காத அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1885இல் பெருங்குற்றங்கள் சட்டத்தை இயற்றியது. கொலை, வன்புணர்ச்சி உள்ளிட்ட ஏழு குற்றங்கள் கூட்டரசின் விசாரணை வரம்புக்குள் போயின. அதே ஆண்டில் உமட்டில்லா நிலத்தைத் தனிமனிதர்களுக்குப் பங்கு போடும் சட்டமும் வந்தது. அதன் விளைவாக அந்த நிலத்தின் கணிசமான பகுதி வெளியார் பெயருக்கு மாறிற்று. 1953இல் பொதுச்சட்டம் 280, கலிபோர்னியா, ஓரிகன் முதலிய ஐந்து மாநிலங்களுக்குப் பழங்குடி நிலங்களில் பெரும்பாலானவற்றின் மீது குற்றவியல் அதிகாரம் கொடுத்தது. 1978இல் ஒலிஃபண்ட் வழக்கில், பழங்குடி நீதிமன்றங்கள் பழங்குடி அல்லாதவரைக் குற்றவியல் வழக்கில் விசாரிக்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2013, 2022ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தந்தன. இந்தப் பின்னணியில் உமட்டில்லா மக்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. 1981இல் ஓரிகன் தன் குற்றவியல் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. அது நடக்காமல் போயிருந்தால் 2009இல் அவர்களுக்குப் பதிவேடு தொடங்கும் வாய்ப்பே வந்திருக்காது.

ஏனென்றால் மேலே சொன்ன தேசியப் பதிவுச் சட்டம், அதாவது ஆடம் வால்ஷ் சட்டம் என்று அழைக்கப்படும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடிகளை இரண்டாகப் பிரித்தது. பொதுச்சட்டம் 280இன் கட்டாயப் பிடியில் இருந்தவர்களின் பதிவேட்டுப் பொறுப்பு, அவர்களைக் கேட்காமலே மாநிலத்திடம் போனது. மற்றவர்கள் பதிவேட்டைத் தாமே நடத்துவதாக 2007 ஜூலை 27க்குள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. தவறினால் பொறுப்பு மாநிலத்துக்கே. அப்படி மாநிலத்திடம் விட்டால், மாநில அதிகாரிகள் தம் நிலத்துக்குள் வரவும் இடங்கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 200 பழங்குடி அரசுகள் தாமே நடத்துவதாகத் தீர்மானித்ததற்கு இந்தப் பிரிவை விடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

பொறுப்பை ஏற்றால் வேலை கொஞ்சநஞ்சமல்ல. பழங்குடி சபை முதலில் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். தண்டனை பெற்றவர் அந்த நிலத்தில் குடியிருந்தாலும் வேலை பார்த்தாலும் படித்தாலும் நேரில் வந்து பதிய வேண்டும். புகைப்படம், விரல்ரேகை, உள்ளங்கை ரேகை, மரபணு மாதிரி, வாகன விவரம் எல்லாம் எடுக்கப்படும். குற்றத்தின் தன்மைக்கேற்ப 15 ஆண்டுகள், 25 ஆண்டுகள், ஆயுள் முழுதும் என மூன்று படிகள். முதல் படியினர் ஆண்டுக்கொரு முறையும், இரண்டாம் படியினர் ஆறு மாதத்துக்கொரு முறையும், கடைசிப் படியினர் மூன்று மாதத்துக்கொரு முறையும் வர வேண்டும். முகவரியோ வேலையோ மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பொதுமக்கள் பார்க்கும் இணையதளத்துக்கான மென்பொருளை நீதித்துறை இலவசமாகத் தருகிறது. அதுவரை சரி. காவல்துறையினர் பயன்படுத்தும் தேசியத் தரவுத்தளத்தில் பெயர்களை ஏற்ற, பல பழங்குடி அரசுகள் நெடுங்காலம் மாநிலக் காவல்துறையின் தயவை நாடி நின்றன. அவர்களுக்கு நேரடி வழி திறக்கும் திட்டம் 2015இல்தான் வந்தது. இத்தனை சிரமத்துக்கிடையிலும் ஒரு பெரிய பயன் கிடைத்தது. ஒலிஃபண்ட் தீர்ப்பால் தண்டிக்க முடியாத வெளியாரையும் குடிமை ஒழுங்குமுறையின் வழியே பதியச் சொல்ல முடிகிறது. மறுப்பவரைப் பழங்குடி நிலத்திலிருந்து வெளியேற்றலாம். கூட்டரசு வழக்குத் தொடர்ந்தால் பத்தாண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

எதிர்வாதங்கள் வலுவானவை. ஊரறியப் பெயர் போடுவதால் குற்றம் குறைகிறதா? பிரெஸ்காட், ராக்காஃப் என்னும் இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, காவல்துறை வைத்திருக்கும் பட்டியலால் குற்றம் குறைவதாகவும், பெயர்களைப் பகிரங்கப்படுத்துவது தண்டனை முடிந்தவர்களை மீண்டும் குற்றத்தின் பக்கம் தள்ளக்கூடும் என்றும் கண்டது. இதை நான் ஏற்கிறேன். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் ஊரில், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், குற்றவாளியின் பெயரும் குற்றத்தின் பெயரும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆனால் இவை இணையதளம் வேண்டும் என்று கட்டளையிட்ட காங்கிரசிடம் கேட்க வேண்டிய கேள்விகள். பழங்குடி அரசு ஒதுங்கிக்கொண்டால் பதிவேடு மறைந்துவிடாது. மாநிலத் தலைநகரில் வேறொருவர் அதை நடத்துவார். சட்டம் விட்டுவைத்திருக்கும் சிறிய இடைவெளிகள், உதாரணமாக முதல் படியில் சிறார் தொடர்பில்லாத குற்றம் செய்தவர்களை இணையதளத்தில் போடாமல் விடும் விருப்புரிமை, அந்த ஊரை அறிந்தவர்களிடம் இருப்பதே மேல்.

வாஷிங்டன் எழுதிய சட்டத்தை அப்படியே நடைமுறைப்படுத்துவது எப்படித் தன்னாட்சியாகும் என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. முழுத் தன்னாட்சி ஆகாதுதான். சட்டத்தைச் செயல்படுத்தாத மாநிலம் ஒரு குறிப்பிட்ட காவல் மானியத்தில் பத்து சதவீதத்தை இழக்கும். டெக்சாசும் கலிபோர்னியாவும் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு தம் வழியிலேயே போயின. பழங்குடி அரசு தவறினால் அதன் அதிகாரமே மாநிலத்தின் கைக்குப் போகும். தேசிய அளவுகோலைத் தானே எட்டாத கலிபோர்னியாவிடம், அங்குள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடிகளின் பதிவேட்டுப் பொறுப்பை அதே சட்டம் ஒப்படைத்திருக்கிறது. இதற்கு நியாயம் கிடையாது. உமட்டில்லாவைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடி அரசுகள் சட்டத்தை நிறைவேற்றிக் காட்டிவிட்டன. மாநிலத்துக்கு விதித்த அளவு தண்டத்தையே பழங்குடிகளுக்கும் விதித்து, பொதுச்சட்டம் 280க்கு உட்பட்டவர்களுக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தர அமெரிக்கக் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.