வறுமை அளவீடு: வட ஆற்காடு தோல் வட்டாரம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தோல் தொழில் ஊர்கள். இந்தியாவில் ஏழைகளை எண்ணிய முறைகளின் பலமும் ஓட்டையும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன.

திட்டக்குழு 1962இல் அமைத்த வல்லுநர் குழு, 1960–61 விலையில் ஊரகத்தில் ஆளுக்கு மாதம் 20 ரூபாய்ச் செலவு என்று வறுமைக் கோடு கிழித்தது. மருத்துவமும் கல்வியும் அரசின் பொறுப்பு என்று கருதி அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1979இல் கோடு கலோரிக்கு மாறியது: ஊரகத்தில் 2,400, நகரில் 2,100. 2009இல் டெண்டுல்கர் குழு கலோரியை விட்டு மொத்தச் செலவைப் பிடித்தது. அதன்படி 2011–12இல் தமிழக ஊரகக் கோடு மாதம் 880 ரூபாய்.

கோட்டைவிட நெருக்கமாகப் பார்த்தவை கிராம ஆய்வுகள். கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகத்தினர் 1973–74இல் இம்மாவட்டத்தின் 11 கிராமங்களில் வீடுவீடாகக் கணக்கெடுத்தனர். பத்தாண்டு கழித்துத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் அதே கிராமங்களுக்குச் சென்றபோது, கூலிக் குடும்பங்களின் வருமானமும் கூடியிருந்தது. 1990களில் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் ச. ஜனகராஜனும் மீண்டும் போனார்கள். இவை நெல்லையும் பம்புசெட்டையும் பின்தொடர்ந்த ஆய்வுகள்.

தோல் ஆலைக் கழிவோ பாலாற்றுக் கரைக் கிணறுகளில் உப்பாய் ஏறியது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சராசரியாக ஆளுக்கு 9,200 ரூபாய்கூட வராது.

கிணறு கெட்டவர் குடத்துக்குக் காசு கொடுத்தால் அதுவும் வீட்டுச் செலவுதான். செலவைப் பார்த்து ஏழையை எண்ணும் முறையில் அவர் கோட்டை நோக்கி ஒரு படி மேலே நகர்கிறார்! இந்தக் கணக்கின் மிக மோசமான வேடிக்கை இது.

இன்னொரு பக்கம், வயிற்றுப் பசி குறைந்ததில் 1982 சத்துணவுத் திட்டத்துக்கும் எல்லார்க்குமான ரேஷனுக்கும் பெரும் பங்குண்டு. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு 2019–21இல் தமிழகத்தில் 2.20 சதவீதம் பேரையே ஏழை என்கிறது. அது குடிநீரைப் பார்க்கிறது, அதற்காக நடக்கும் நேரத்தையும் பார்க்கிறது. ஆனால் ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் தைக்கும் பெண்ணின் கூலி, அதன் 12 அளவுகோல்களில் ஒன்றிலும் இல்லை.