சூரத் ஜரிகை முதல் காஞ்சி தறி வரை... இ-வே பில் எப்படி உதவுது?

காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கான நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வருது. ஜரிகையில் பெரும்பகுதி குஜராத்தின் சூரத்தில் இருந்து வருது. இதில் ஒன்று தாமதமானாலும் தறி நிற்கும். நெசவாளிக்கு நெய்த சேலைக்குத்தான் கூலி. தறி நின்ற நாளுக்கு கிடையாது. அதனால் சரக்கு எங்கே இருக்கு என்ற தகவல் ரொம்ப முக்கியம்.

இ-வே பில் என்றால் என்ன?

சரக்கு கிளம்பும் முன் ஆன்லைனில் எடுக்கும் 12 இலக்க எண் கொண்ட ஆவணம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் 2018 ஜூன் 2 முதலும் அமலில் இருக்கு. மதிப்பு ரூ.50,000-ஐ தாண்டினால் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் இந்த வரம்பு ரூ.1 லட்சம்.

எத்தனை நாள் செல்லும்?

200 கி.மீ.க்கு ஒரு நாள். 1,500 கி.மீ. என்றால் 8 நாள்.

வியாபாரிக்கு என்ன லாபம்?

சூரத்தில் பில் போட்டதுமே காஞ்சிபுரம் வியாபாரி தன் லாகினில் அதைப் பார்க்கலாம். தனக்கு சம்பந்தமில்லாத பில் என்றால் 72 மணி நேரத்துக்குள் நிராகரிக்கலாம். ஆண்டு விற்பனை ரூ.5 கோடியை தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். அதில் உள்ள விவரம் இ-வே பில்லுக்கு தானாகவே போயிடும். இரண்டு முறை டைப் பண்ற வேலையும், அதில் வரும் பிழையும் குறையும்.

எங்கே சிக்கல் வரும்?

வழியில் லாரி மாறினால் புது வண்டி எண்ணை பதிவு செய்யணும். அதை விட்டுட்டா சோதனையில் சரக்கை நிறுத்தி வைக்கலாம். அப்படி பிடிபட்டால், வரி உள்ள சரக்குக்கு வரித்தொகையைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்க சட்டத்தில் இடமிருக்கு.

அப்போ நெசவாளிக்கு?

இந்த இணைப்பு வியாபாரியோட கடை வரைதான். அங்கிருந்து தறிக்கு எப்போ பாவும் ஜரிகையும் போகும் என்பதை இ-வே பில் சொல்லாது. லாரி எப்போ வரும் என்று வியாபாரிக்கு தெரிந்த தகவல் நெசவாளிக்கும் ஒரு போன் காலில் போய் சேர்ந்தால்தான் தறி காத்திருக்கும் நாள் குறையும்.