நாக்பூரில் ஒரு காபி



போன வாரம் பேத்தியின் காதுகுத்துக்காக டெல்லி போனேன். காலை ஆறு மணி விமானம். நாலரைக்கே மீனம்பாக்கம் உள்நாட்டு முனையத்தில் உட்கார்ந்து, மருமகள் கட்டிக் கொடுத்த நாலு இட்லியைப் பிரித்தேன். மிளகாய்ப்பொடி தடவியது. "சாம்பார், சட்னி வேண்டாம் மாமா, சோதனையில் தகராறு பண்ணுவாங்க" என்று சொல்லியிருந்தாள். 2006 ஆகஸ்டில், விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்டது. அதற்குப் பிறகு உலகெங்கும் வந்த கெடுபிடி இது. நம் வீட்டுச் சட்னிக்கும் அன்றைக்குத்தான் சனி பிடித்தது!

முதல் இட்லி வாயில் இருக்கும்போதே அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர். இரவு வேலை. நம் நாட்டில் விமானப் போக்குவரத்து வேரூன்றியதே தபாலால்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். சுதந்திரத்துக்குப் பின், ரஃபி அகமது கித்வாய் மந்திரியாக இருந்தபோது, 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு ஊர்களிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நள்ளிரவு தாண்டி நாலும் நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். சாதாரணத் தபால்தலை ஒட்டிய கடிதம்கூட மறுநாளே டெல்லியில் இருக்கும். எழுபதுகளின் தொடக்கம் வரை இது நடந்தது.

அந்த விமானங்களில் பயணிகளும் போவார்கள். "நடுராத்திரி நாக்பூர்ல இறங்கி, சூடா காபி குடிச்சிட்டு வேற பிளேன்ல ஏறுவாங்களாம்டா" என்று அப்பா சொல்வார். ஏதோ தேவலோகக் கதை மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம். எத்தனையோ ஆயிரம் மூட்டைகளை விமானத்துக்கு அனுப்பிய மனிதர், கடைசிவரை ஒருமுறைகூட விமானத்தில் ஏறவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நானாவது கூட்டிப் போயிருக்கலாம். ஆசிரியர் சம்பளம், இரண்டு பிள்ளைகள் படிப்பு என்று தள்ளிப் போட்டேன். 1996-ல் போய்விட்டார்.

அப்போதெல்லாம் டிக்கெட்டுக்குள்ளேயே சாப்பாடும் அடக்கம். 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் தொடங்கியபோது இலவசச் சாப்பாட்டை நீக்கிக் கட்டணத்தைக் குறைத்தார். என்னைப் போன்றவர்கள் ஏற முடிந்தது அதனால்தான். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பசி தரையில் தங்கிவிட்டதே! விமான நிலையக் கடைகள் அதைப் பிடித்துக்கொண்டன. சென்னையில் டீ 135 ரூபாய் என்றதும் வேண்டாமென்று விட்டதாக, 2018-ல் ப. சிதம்பரமே ட்விட்டரில் எழுதினார். முன்னாள் நிதியமைச்சருக்கே அந்த நிலை என்றால் ஓய்வூதியக்காரன் எம்மாத்திரம்?

2025 பிப்ரவரியில் இங்கே 'உடான் யாத்ரி கஃபே' திறந்தார்கள். டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய். இட்லியை முடித்துவிட்டு அங்கே ஒரு காபி வாங்கினேன். சுமார்தான், ஆனால் சூடாக இருந்தது.

டெல்லி போகும் பாதை நாக்பூர்ப் பக்கம்தான். பாதி வழியில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்து ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்திருந்தால் கேட்டு எழுதுங்கள். நாக்பூரில் காபியோடு வேறு என்ன கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.