எஞ்சின் கணினித் திருத்தமும் மலிவுக் கருவிகளும் – ஒரு வரலாறு

எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் போக வேண்டும், தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை இன்றைய கார்களில் ஒரு சிறிய கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. ஈ.சி.யூ. என்று நூல்களும், ஈ.சி.எம். என்று தமிழ்நாட்டுப் பட்டறைகளும் இதைக் குறிப்பிடுகின்றன. இந்தப் பெட்டிக்குள் உற்பத்தியாளர் எழுதி வைத்த எண்களை மாற்றி எஞ்சினின் வேகத்தையும் இழுவையையும் கூட்டுவதே ரீமேப்பிங் எனப்படும். ஒரு காலத்தில் சில வல்லுநர்களின் தொழிலாக இருந்த இது, இன்று ஒரு மடிக்கணினியும் மலிவான ஒரு கம்பிவடமும் உள்ள எவரும் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கும் வேலையாகிவிட்டது. கெட்டுப்போகும் கார்களின் கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கார்புரேட்டரிலிருந்து கணினிக்கு

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகளும் எஞ்சினைத் திருத்தியவர்களே. ஜெட்டை மாற்றினார்கள், டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பினார்கள், காதால் கேட்டுச் சரிபார்த்தார்கள். தவறாகிவிட்டால் அதே திருப்புளியால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது.

மின்னணு முறையை முதலில் முயன்றது அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம். அதன் எலக்ட்ரோஜெக்டர் 1958-ஆம் ஆண்டு மாதிரியான சில கிரைஸ்லர் கார்களில் பொருத்தப்பட்டது. அக்கால மின்னணு உறுப்புகள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டரையே திரும்பப் பொருத்த வேண்டியதாயிற்று. பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பெற்ற ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் முறையை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1970-இல் நிறைவேறிய தூய காற்றுச் சட்டத் திருத்தம் புகையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதால், துல்லியமான எரிபொருள் அளவீடு எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயத் தேவையானது.

1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்த போஷ் மோட்ரானிக், எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே நுண்செயலியின் கீழ் கொண்டுவந்தது. அதன் உள்ளே இருந்தவை அட்டவணைகள். மேல்நிலைப் பள்ளியில் மடக்கை அட்டவணை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகம், மறுபக்கம் அதன் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்தான் தீப்பொறியின் பாகை அளவு. கட்டங்களுக்கு இடைப்பட்ட மதிப்புகளைக் கணினி தானே கணக்கிட்டுக்கொள்ளும். இந்த அட்டவணைகளுக்கே மேப் என்று பெயர்.

சில்லு மாற்றிய காலம்

1980-களில் இந்த அட்டவணைகள் பெரும்பாலும் ஈப்ராம் என்ற நினைவகச் சில்லில் இருந்தன. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971-இல் உருவாக்கிய சில்லு இது. அதன் முதுகில் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் எழுதியது அழியும். அக்காலத்தில் பரவலாக இருந்த 27சி256 சில்லின் கொள்ளளவு 32 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்.

திருத்துபவர் பெட்டியைத் திறந்து, பழைய சில்லைக் கழற்றி, மாற்றிய எண்கள் எழுதிய புதிய சில்லைப் பொருத்துவார். சிப் டியூனிங் என்ற பெயர் வந்தது இதனால்தான். இதற்குப் பற்றவைப்புக் கோலைக் கையாளும் திறமை வேண்டும். எண்களின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிய அசல் சில்லு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும். கார் ஓடாவிட்டால் அதைத் திரும்பச் சொருகினால் போதும்.

ஓ.பி.டி. திறந்த வாசல்

கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம், கார் தன் பழுதைத் தானே தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்ற பொதுவான 16 முனை இணைப்பி கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும் டீசல் கார்களுக்கு 2004-இலும் இதை ஒத்த விதி வந்தது. நோக்கம் புகையைக் கண்காணிப்பது மட்டுமே. ஆனால் அதே காலத்தில் ஈப்ராமின் இடத்தை, மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம் பிடித்தது. உற்பத்தியாளர்கள் தங்கள் மென்பொருளைப் புதுப்பிக்க அந்த இணைப்பியையே பயன்படுத்தத் தொடங்கினர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே எழுதலாம் என்றானதும் மற்றவர்களும் அந்த வழியைக் கண்டுகொண்டனர்.

நகல் கருவிகள்

கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 2005-இல் இ.எல்.எம்.327 என்ற சில்லை வெளியிட்டது. காரின் பழுதுக் குறியீடுகளைக் கணினியில் படிக்க உதவும் எளிய இடைமுகம் அது. முதல் பதிப்பில் சில்லின் உள்ளடக்கத்தைப் பூட்டி வைக்காததால் அது அப்படியே நகலெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத பதிப்பு எண்களைத் தாங்கிய நகல்களும் விற்பனையாயின.

எண்களை மாற்றி எழுதும் கருவிகளுக்கும் இதே கதிதான். இத்தாலியின் அலியன்டெக் நிறுவனத்தின் கெஸ், கே-டேக் போன்ற தொழில்முறைக் கருவிகளின் போலிகள் அசலின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. இவற்றோடு, இணைப்பியில் சொருகினாலே இழுவை கூடும் என்று விற்கப்படும் இன்னொரு வகையும் உண்டு. அத்தகைய ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், காருடன் பேசத் தேவையான உறுப்பே அதில் இல்லை, விளக்குகள் மட்டும் மினுக்குகின்றன என்று கண்டனர். சொல்லப்போனால், மலிவுக் கருவிகளில் ஆபத்து குறைந்தது இதுதான்.

எழுதும் கருவியின் முதல் ஆபத்து, எழுத்து பாதியில் நிற்பது. ஃபிளாஷில் புதியதை எழுதுமுன் பழையதை அழித்தாக வேண்டும். சாவி திருப்பிய நிலையில், எஞ்சின் ஓடாமல், பல நிமிடங்கள் இந்த வேலை நடக்கும். சில கார்களில் அப்போது ரேடியேட்டர் விசிறியும் ஓடத் தொடங்கி பேட்டரியை இழுக்கும். தொழில்முறைப் பட்டறையில் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் வழங்கியை இணைத்துவிட்டே எழுதுவார்கள். வீட்டு வாசலில் மின்னழுத்தம் சரிந்தாலோ, மடிக்கணினி உறக்கநிலைக்குப் போனாலோ, பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் பெட்டி செத்துப்போகும்.

அடுத்தது சரிபார்ப்புத் தொகை. மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடத்தின் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டு அடியிலுள்ள கூட்டுத்தொகையை அப்படியே விட்டால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? கணினியும் அவ்வாறே கூட்டிப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் எஞ்சினைக் கிளப்ப மறுக்கலாம். நல்ல கருவி எழுதும்போதே தொகையையும் திருத்தும். நகல் மென்பொருள் எல்லாப் பெட்டிகளுக்கும் அதைச் சரியாகச் செய்வதில்லை.

மூன்றாவதைப் பலர் அறிவதில்லை. பிற்காலப் பெட்டிகளில் சில, இணைப்பியின் வழியாக எழுத விடும், முழுதாகப் படிக்க விடாது. அசல் கருவி வைத்திருப்பவர் பெட்டியின் மென்பொருள் எண்ணைக் கொண்டு கருவி நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து மூலக் கோப்பைப் பெறுவார். போலிக் கருவிக்கு அந்தத் தொடர்பு கிடையாது. இணையத்தில் இணைத்தாலே அது முடங்கிவிடும் என்பதால் இணைக்காதீர்கள் என்று விற்பவரே எச்சரிப்பதும் உண்டு. ஆகவே மூலப் பிரதி கையில் இல்லாமலே பலர் எழுதத் தொடங்குகின்றனர். இழுப்பறையில் இருந்த பழைய சில்லு இங்கே இல்லை. இன்னொரு காரிலிருந்து பெட்டியைக் கழற்றி மாட்டினாலும் வேலை முடிவதில்லை. 1998 முதல் ஐரோப்பாவின் புதிய கார்களில் கட்டாயமான இம்மொபிலைசர், பெட்டிக்கும் சாவிக்கும் குறியீடு பொருந்தினால்தான் எஞ்சினை ஓட விடும்.

எழுத்து வெற்றி பெற்ற பின்னும் எஞ்சின் தப்பிவிட்டதாகப் பொருளில்லை. தரம் குறைந்த பெட்ரோல், கோடை வெயில், மலைப்பாதை, தேய்ந்த உறுப்புகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் விட்டே உற்பத்தியாளர் எண்களை நிரப்புகிறார். அந்த இடைவெளியைத்தான் ரீமேப்பிங் தின்கிறது. டர்போ இல்லாத எஞ்சினில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது; டர்போ எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழுவை கூடும் என்பதால் ஆசையும் அங்கேதான் அதிகம். தீப்பொறியை அளவுக்கு மீறி முன்னுக்குக் கொண்டுபோனால் எஞ்சின் 'தட்டும்'; தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும். முழுச் சுமையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறும். டீசலில் நேர்மாறாக, எரிபொருள் மிகுந்தால்தான் வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறி, கரும்புகை வந்து, டர்போ பாதிக்கப்படும். கிளட்சும் கியர்பெட்டியும் பழைய வலிமையிலேயே இருப்பதையும் மறந்துவிடுகிறார்கள். கெடுதல் அன்றே தெரிந்தால்கூட நல்லது. பெரும்பாலும் அது சில மாதங்கள் கழித்து, நெடுஞ்சாலையில் ஏற்றத்தில் போகும்போது தெரிகிறது.

சட்டத்தின் பார்வை

சொந்தக் காரின் மென்பொருளைத் தொட உரிமையாளருக்கு உரிமை உண்டா என்ற வழக்கு அமெரிக்காவில் 2015-இல் சூடுபிடித்தது. பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள் வாதிட்டன. புகை கூடும் என்று அஞ்சி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஜூலை மாதத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. செப்டம்பர் 18-இல் வேறொரு செய்தி வெடித்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் எழுதி வைத்திருந்தது என்று அதே முகமை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. தனிமனிதர் செய்துவிடுவார் என்று அஞ்சியதை ஒரு பெரும் நிறுவனமே பல ஆண்டுகளாகச் செய்து வந்திருந்தது. அக்டோபரில் பழுதுபார்ப்புக்கும் சட்டபூர்வமான மாற்றங்களுக்கும் விலக்கு வழங்கப்பட்டது. புகைச் சட்டத்தை மீற அது அனுமதி தரவில்லை.

தனிமனிதர் மீதான அச்சமும் வீண் அல்ல. பத்தாண்டுகளில் 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாடு அகற்றப்பட்டதாகவும், அதனால் 5,70,000 டன்னுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுதலாக வெளியேறும் என்றும் அந்த முகமை 2020-இல் மதிப்பிட்டது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அது இருப்பதாகவே கணினியை நம்பவைப்பதும் ரீமேப்பிங்கின் ஒரு கிளை.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களில் புகை வடிகட்டி இங்கும் வழக்கமான உறுப்பாகிவிட்டது.